நல்ல ஆஸ்பத்திரியா என்று அப்பா கேட்டார்

அம்மாவை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸுக்குப் பின்னால் நாங்கள் காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பாவுக்குப் போன் செய்தேன். இங்கே காலை ஆறே முக்கால், மன்னார்குடியில் சாயங்காலம் ஐந்தேகால். அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்காம், ஒரு இடத்தில் பார்த்துவிட்டு இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள் என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த ஆஸ்பத்திரிம்மா? நல்ல ஆஸ்பத்திரியா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பெயர் மட்டும் தெரியும், ஆம்புலன்ஸில் வந்த பெண் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். எந்த இந்தியக் கடைக்கு எந்தக் கிழமை முருங்கைக்கீரை வரும் என்று தெரியும், எந்தப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவோடு முடிகிறது என்று தெரியும், வீடு வாங்கும்போது மூன்று மாதம் அதைத்தான் படித்தேன். என் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசித்ததில்லை. "நல்ல ஆஸ்பத்திரிதாம்ப்பா" என்றேன். சும்மா சொன்னேன்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பாவின் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று காலை

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில். அம்மா மே மாதம் ஆறு மாதத் தங்கலுக்கு வந்திருந்தார். குறுவை நேரம், மேட்டூர்த் தண்ணீர் வந்தால் நான் இல்லாமல் எப்படி என்று அப்பா ஊரிலேயே இருந்துவிட்டார். அம்மாவுக்கு 66 வயது, பத்து வருஷமாக பிபி மாத்திரை, சுகர் எல்லைக்கோட்டில்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். விளக்குப் போடாமல் அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஓமத் தண்ணீர் குடித்த டம்ளர். என்னம்மா என்றால், "வாயுடி. முதுகுல வந்து பிடிச்சிருக்கு, நேத்து சாப்பிட்ட உருளைக்கிழங்கு. நீ போய்ப் படு, மாப்பிள்ளைய எழுப்பிடாத, ராத்திரி ரொம்ப நேரம் வேலை பார்த்தாரு" என்கிறார். சொல்லிக்கொண்டே ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொள்கிறார். முகம் சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. எனக்கு அப்போதும் இதயம் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. பெண்களுக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, மாரடைப்பு இப்படி முதுகிலும் தாடையிலும் குமட்டலாகவும் வியர்வையாகவும் வரலாம் என்பதை அதற்கு முன்னால் நான் எங்கோ படித்திருக்கத்தான் வேண்டும். படித்தது அந்த இருட்டில் ஞாபகத்துக்கு வரவில்லை.

கணவரை எழுப்பினேன். கராஜில் அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு அவர் போனைக் கையில் எடுத்தார். "911 கூப்பிடட்டுமா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்த அரை நிமிஷத்தை நான் எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஆம்புலன்ஸ் பில் ஆயிரக்கணக்கில் வரும் என்று நண்பர்கள் குழுவில் படித்த கதைகள். சைரனும் சீருடைக்காரர்களும் வீட்டுக்குள் வந்தால் அம்மா இன்னும் பயந்துவிடுவார் என்ற எண்ணம். மூன்றாவது, வீட்டிலிருந்து நாலே நிமிஷத்தில் பெரிய சிவப்பு எழுத்தில் எமர்ஜென்சி என்று பலகை வைத்த ஒரு இடம் இருக்கிறது, காரிலேயே போய்விடலாம் என்ற அவசரம். ஊரில் நாம் அப்படித்தானே செய்வோம். யாருக்காவது முடியவில்லை என்றால் ஆட்டோவோ காரோ, தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான். தமிழ்நாட்டில் 108 வந்தே 2008இல்தான், நான் வளர்ந்த காலத்தில் அது கிடையாது. ஆம்புலன்ஸ் என்றால் எனக்குள் இருந்த பொருள் வண்டி. கார் இருக்கும்போது வண்டி எதற்கு என்று என் மனது கணக்குப் போட்டுவிட்டது.

சிவப்பு எழுத்து

டெக்ஸஸில் இருப்பவர்களுக்கு இந்த இடங்களைத் தெரியும். பீட்சாக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், வாசலிலேயே கார் நிறுத்தலாம், உள்ளே ஹோட்டல் வரவேற்பறை மாதிரி சுத்தமாக இருக்கும். ஆஸ்பத்திரியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் அவசரப் பிரிவுகள். இவற்றுக்கு உரிமம் கொடுக்க 2009இல் டெக்ஸஸ் சட்டம் போட்டது, அதன் பிறகு இந்த மாநிலத்தில் பெருகிய அளவுக்கு வேறு எங்கும் பெருகவில்லை. சில ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளைகள், சில எந்த ஆஸ்பத்திரிக்கும் சொந்தமில்லாதவை. இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர் உண்டு, எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. ஐசியு கிடையாது. அடைத்த ரத்தக் குழாயைத் திறக்கும் கேத் லேப் கிடையாது. பையன் ஒருமுறை மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது அந்த மாதிரி ஓர் இடத்தில் இருபது நிமிஷத்தில் பார்த்து அனுப்பினார்கள், காத்திருக்கவே வேண்டியதில்லை. அந்த அனுபவம்தான் எனக்குள் "இது நல்ல இடம்" என்று பதிந்திருந்தது. மணிக்கட்டுக்கு அது நல்ல இடம்தான்.

ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு உள்ளே போனோம். நியாயமாகச் சொல்ல வேண்டும், அங்கிருந்த டாக்டரும் நர்ஸும் ஒரு நொடி வீணாக்கவில்லை. ஏழு நிமிஷத்தில் ஈசிஜி எடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை டாக்டர் கையில் வாங்கிப் பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார், கையில் ஊசி ஏற்றினார்கள், டாக்டர் என் பக்கம் திரும்பி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுசாக அடைத்திருக்கிறது, இதைத் திறக்க எங்களிடம் வசதி இல்லை, ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுவிட்டேன், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார். அவர் அப்புறம் கூப்பிட்டது நான் வேண்டாம் என்ற அதே ஆம்புலன்ஸைத்தான். அது வந்து அம்மாவை ஏற்றிப் புறப்படும்போது ஆறு நாற்பத்தொன்று.

ஈசிஜி எடுத்த பிறகு போன அந்த முப்பத்திரண்டு நிமிஷம் ஒரு வேலையும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, நடந்தது. ஆனால் குழாய் அடைத்தபடியே இருந்தது. எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா ஞாபகம் வந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அவருக்கு இப்படித்தான் நெஞ்சு வலி. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தெரிந்தவர், பெரியப்பாவோடு சீட்டு விளையாடுகிறவர். ஒரு ஊசி போட்டார், ஒரு பாட்டில் ஏற்றினார், முக்கால் மணி நேரம் கழித்து, "இங்க முடியாது, தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். வடுவூர் ஏரி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெஞ்சு வலி என்றால் நேராகத் தஞ்சாவூர் என்று ஒரு விதியே உண்டு. அந்த விதியோடு வளர்ந்தவள் நான். ஒன்பது வருஷம் இங்கே குடியிருந்தும், இந்த ஊரில் தஞ்சாவூர் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல், இரண்டு தெரு தள்ளி இருந்த இடத்துக்கு அம்மாவைக் கொண்டுபோயிருக்கிறேன்.

நோகுதோ அம்மா

பெரிய ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதே ஒரு குழு நின்றுகொண்டிருந்தது. ஒருவர் கையெழுத்து வாங்க, ஒருவர் அம்மாவின் வலது கை வளையலைக் கழற்ற. மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் விடுவார்கள். முப்பது வருஷமாகக் கழற்றாத வளையல், வரவில்லை, நர்ஸ் ஏதோ ஜெல்லைத் தடவி மெதுவாக உருட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இன்னொரு நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, அம்மா என்ன மொழி என்று கேட்டார். நானே மொழிபெயர்க்கிறேனே என்றேன். இல்லை, நீங்கள் மகளாகப் பக்கத்தில் நில்லுங்கள், அந்த வேலையை இவர்கள் செய்யட்டும் என்றார். ஒரு நிமிஷத்தில் திரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது, யாழ்ப்பாணத் தமிழ். "வணக்கம் அம்மா. பயப்படாதேங்கோ. எங்க நோகுது? எப்ப தொடங்கினது?"

அம்மா அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினார். "ராத்திரி ஒரு மணிக்கும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் இப்போதுதான், கொஞ்ச நேரமாகத்தான் என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண் மேலே மேலே கேட்க, அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மணிக்கு முதுகில் வந்தது, மூன்று மணிக்கு ஒருமுறை வாந்தி எடுத்தது, அதற்கு முந்தின வாரமே மாடிப்படி ஏறும்போது இரண்டு முறை வந்துபோனது. ஏன் யாரையும் எழுப்பவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை, அது அவர் வேலை இல்லை. ஆனால் அம்மா தானாகவே சொன்னார், "எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க. பாவம், காலையில வேலைக்குப் போவணும்ல." நான் மொழிபெயர்த்திருந்தால் இதில் பாதி வெளியே வந்திருக்காது. மகளிடம் மறைப்பதை முன்பின் தெரியாத குரலிடம் சொல்ல முடிகிறது. இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, நம்மில் பலர் "எனக்கு இங்கிலீஷ் தெரியுமே" என்று வேண்டாம் என்றுவிடுகிறோம். வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழ் என்று சொன்னால் தமிழ் கிடைக்கும்.

ஏழு இருபதுக்குக் குழாயைத் திறந்துவிட்டார்கள், அது மறுபடி மூடாமலிருக்க ஒரு ஸ்டென்ட். அப்புறம் கார்டியாலஜிஸ்ட் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினார். முதலில் போன இடத்துக்குள் நுழைந்ததிலிருந்து குழாய் திறக்கும்வரை எழுபத்தெட்டு நிமிஷம். வேறு இடத்திலிருந்து மாற்றி அனுப்பப்படுகிற நோயாளிக்கு நூற்றிருபது நிமிஷத்துக்குள் என்பது இலக்கு, அதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார். நான் விடாமல் கேட்டேன், 911 கூப்பிட்டிருந்தால்? அவர் சுற்றி வளைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் உங்கள் சோபாவிலேயே ஈசிஜி எடுத்து எங்களுக்கு அனுப்பியிருப்பார்கள், அவர்கள் வண்டியைக் கிளப்பும்போதே நாங்கள் இங்கே கேத் லேப்பைத் தயார் செய்யத் தொடங்கியிருப்போம், நீங்கள் வரும்போது அவசரப் பிரிவில் நிறுத்தாமல் நேராக உள்ளே கொண்டுபோயிருப்போம், குறைந்தது அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்றார். வழியில் இதயம் நின்றுபோயிருந்தால் உங்கள் காரில் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதை நானே கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ் என்று வருவது வண்டி மட்டும் இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்ற முடிவும் அதிலேயே வருகிறது. ஊரில் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுப்பது. தெரிந்த டாக்டர், கைராசிக்காரர், மாமாவின் நண்பர் வேலை பார்க்கும் இடம். அந்தத் தொடர்பு நமக்கு ஒரு வழியைக் காட்டும், சில நேரம் பெரியப்பாவுக்குக் காட்டியதுபோல் தப்பான வழியையும் காட்டும். வெளிநாட்டில் அந்தத் தொடர்பு அறுந்துபோய்விட்டது, அதனால் நாம் பலகையையும் தூரத்தையும் பார்க்கிறோம். இரண்டுமே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

கேட்டு வைத்துக்கொண்டது

வீட்டுக்கு வந்த வாரமே உட்கார்ந்து தேடினேன். இதெல்லாம் ரகசியமே இல்லை, டெக்ஸஸ் மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் எந்த ஆஸ்பத்திரி விபத்துக்கு எந்த நிலை, பக்கவாதத்துக்கு எந்த நிலை என்று பட்டியலே இருக்கிறது. விபத்துக்கான நிலைகளில் ஒன்றுதான் உச்சம், நாலு அடிப்படை, நம் பக்கத்து வீட்டு நண்பர் அதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைப் பல இடங்களில் கொடுக்க முடியும். ஆனால் பெரிய குழாயில் அடைத்த கட்டியை உள்ளே போய் இழுத்து எடுப்பதை எல்லா ஆஸ்பத்திரியும் செய்வதில்லை. தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்கிற இடம் எது என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது. கேத் லேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, இரவும் பகலும், ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார்களா என்று கேட்க வேண்டும். நான் அந்தந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டேன், பதில் சொன்னார்கள். குழந்தைகளுக்கு ஏதாவது என்றால் பிளேனோவிலேயே குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய தீக்காயம் என்றால் டாலஸில் பார்க்லேண்ட், உலகம் முழுக்கத் தீக்காயத்துக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று கணக்குப் போடும் சூத்திரமே அந்த ஆஸ்பத்திரியின் பெயரில்தான் இருக்கிறது. இவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தாளின் மேலே பெரிதாக 911. கையை வெட்டிக்கொண்டால், ஜுரம் அடித்தால், எங்கே போகலாம் என்று நாங்கள் முடிவு செய்யலாம். நெஞ்சு, மூச்சு, வாய் கோணல், நினைவு தப்புவது, இவற்றில் எந்த முடிவும் நாங்கள் எடுப்பதாக இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அந்தக் கராஜில் என் வாயைத் திறந்தது பணம்தான். பில் வந்தது. முதல் இடத்துக்கு ஒன்று, அங்கிருந்த டாக்டருக்குத் தனியாக ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு, கார்டியாலஜிஸ்டுக்கு. மிச்சம் பிடிக்கப் போய் ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடத்துக்குக் கொடுத்தோம், ஆம்புலன்ஸும் தப்பவில்லை. பெற்றோருக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய மலிவான திட்டம், மாரடைப்பு பில்லின் ஒரு மூலைக்குக்கூட வராது. இரண்டாவது, பிபி, சுகர் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு, பழைய நோய் திடீரென்று தீவிரமானால் தருவோம் என்ற பிரிவு இருக்கிறதா, எந்த வயது வரைக்கும் என்று எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். எங்களுக்குப் பெரும்பகுதி கிடைத்தது, ஏழு மாதம் ஆனது, அதற்குள் மன்னார்குடி டாக்டரின் சீட்டுகளை எல்லாம் அப்பா படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். இன்ஷூரன்ஸே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு பார்க்காமல் திருப்பி அனுப்ப முடியாது, 1986லிருந்து அது கூட்டரசின் சட்டம். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகளுக்கு உதவித் திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும், முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், யாருக்குத் தருவார்கள் என்பது மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். பில்லைப் பற்றிப் பேச நமக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது டெல்மா என்றேன், யாருக்கும் புரியவில்லை. அது டெல்மிசார்டன் என்று தேடி எடுக்க எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. நம்மூர் மாத்திரைப் பெயர்கள் இங்கே யாருக்கும் தெரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி, போனில் ஒன்று, அம்மாவின் பர்ஸில் ஒன்று வையுங்கள்.

அம்மாவுக்கு 911ஐயும் சொல்லிக்கொடுத்தேன். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் அவர் தனியாகத்தானே இருக்கிறார். முதலில் அவர் போனை எப்படித் திறப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். எமர்ஜென்சி என்பதைப் பூட்டைத் திறக்காமலே அழுத்தலாம் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. "டமில், ஹார்ட்" என்று இரண்டு வார்த்தை, அப்புறம் வீட்டு எண். அதைத் தினமும் காலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். நவம்பரில் ஊருக்குக் கிளம்பும் நாளில்கூடச் சொன்னார்.

போன வாரம் அப்பாவோடு பேசும்போது நானே கேட்டேன். அங்கே அம்மாவுக்கு ஏதாவது என்றால் என்னப்பா செய்வீங்க என்று. காலண்டர் பக்கத்துல எழுதி மாட்டியிருக்கேம்மா என்று போனைச் சுவருக்குத் திருப்பிக் காட்டினார். மேலே 108. அதற்குக் கீழே தஞ்சாவூரில் ராத்திரியிலும் கேத் லேப் நடக்கிற ஓர் ஆஸ்பத்திரியின் பெயர், போன் எண். நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தாராம், பஸ்ஸில். அதற்கும் கீழே அம்மாவின் கோணல் எழுத்தில் மாத்திரைப் பெயர்கள். "உங்கம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா. "ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் என்னைய எழுப்பிடணும்னு."